விண்டோக்கள் வைத்த இடத்தில் இருக்கட்டும்

கணினியில் வேலை செய்யும் ஒருவர் ஒரு விண்டோவை இழுத்து, அளவைச் சரிசெய்து, திரையில் ஓரிடத்தில் வைக்கிறார் என்றால், அவர் வேலைக்கு அந்த இடம் தேவைப்படுகிறது என்று பொருள். மறுநாள் அதே மென்பொருளைத் திறக்கும்போது அந்த விண்டோ அதே இடத்தில், அதே அளவில் வந்து நிற்க வேண்டும். இன்று புழக்கத்தில் இருக்கும் மென்பொருள்களில் பல இதைச் செய்வதில்லை. சில, திரையின் நடுவில் திறக்கின்றன. சில, எந்த மூலையில் தோன்றுகிறதோ அந்த மூலையில் திறக்கின்றன. சில நேரம் கண்ணுக்கே எட்டாத இடத்தில் போய்த் திறக்கின்றன. இதைச் சின்னக் குறை என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு இது பெரிய குறை. நேற்று செய்து முடித்த வேலையை அழித்துவிட்டு, இன்று மறுபடி செய் என்று சொல்வதற்குச் சமம் இது.

நான் மதுரையில் வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்கு நூல் வடிவமைப்பு செய்கிறேன். மடிக்கணினி ஒன்று, அதற்கு இடப்பக்கம் பெரிய மானிட்டர் ஒன்று. மானிட்டரின் இடது பாதியில் பிழை திருத்துபவர் குறியிட்டு அனுப்பிய பிடிஎஃப் இருக்கும். வலது பாதியில் நான் கட்டும் பக்கம். மடிக்கணினித் திரையில் ஆசிரியர் தந்த மூலப் பிரதியும் ஓரத்தில் ஓர் அகராதியும். புரூஃப் கரெக்‌ஷன் போடும்போது கண் இடப்பக்கம் போகும், குறியைப் பார்க்கும், வலப்பக்கம் திரும்பும், கை திருத்தும். சந்தேகம் வந்தால் மூலப் பிரதிக்குப் போகும். ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், முடிவதற்குள் இந்தப் போக்குவரத்து நூற்றுக்கணக்கான முறை நடந்துவிடும். எது எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிராத வரைதான் வேலை ஓடும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால், நவம்பர், டிசம்பரில் எங்கள் தொழிலில் யாருக்கும் நிமிர நேரம் இருக்காது. அந்த மாதங்களில் ஒவ்வொரு இடறலும் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது.

எங்கள் தெருவில் மின்சாரம் போகும். மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, மானிட்டருக்குக் கிடையாது. மானிட்டர் அணைந்த உடனே, அதை யாரோ கழற்றிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்த விண்டோக்களையெல்லாம் அள்ளி மடிக்கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறது. இது சரிதான், இல்லாத மானிட்டரில் விண்டோவை வைத்திருந்தால் நம்மால் தொடக்கூட முடியாது. மின்சாரம் திரும்பி, மானிட்டரும் வந்த பிறகு நடப்பதுதான் தவறு. நான் பயன்படுத்தும் பிடிஎஃப் மென்பொருள் மடிக்கணினியிலேயே சுருங்கிக் கிடக்கிறது. மூடித் திறந்தால் நடுத்திரையில் சிறு கட்டமாக வருகிறது. இழுத்து, விரித்து, பக்கத்தைப் பெரிதாக்கி, விட்ட வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் எந்தத் திருத்தத்தில் நின்றேன் என்பது கலைந்துவிடுகிறது. கரெக்‌ஷன் விட்டுப்போவது இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

என் அப்பா ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர். எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் எந்த எழுத்து என்று அவர் பார்க்க மாட்டார்; கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை தானாகப் போய் எடுக்கும். ராத்திரியில் யாராவது அந்த அறைகளை இடம் மாற்றி வைத்தால், காலையில் அவரால் ஒரு வரி கோக்க முடியாது. எழுத்தெல்லாம் பெட்டியிலேயேதான் இருக்கிறது, எதுவும் தொலையவில்லையே என்று அவரிடம் யாரும் சமாதானம் சொல்லியிருக்க முடியாது.

இடத்தை வைத்து நினைவுகொள்வது மனித மூளைக்கு எவ்வளவு இயல்பானது என்பதை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1998-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவினர் ‘டேட்டா மவுண்டன்’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். 100 இணையப் பக்கங்களின் சிறு படங்களை, ஒரு மலைச்சரிவு போன்ற பரப்பில், அவரவர் விருப்பப்படி அடுக்கி வைக்கலாம். இப்படி அடுக்கியவர்களால், வழக்கமான பட்டியலில் தேடியவர்களைவிட வேகமாகப் பக்கங்களைக் கண்டெடுக்க முடிந்தது. பல மாதங்கள் கழித்துத் திரும்ப அழைத்தபோதும், எதை எங்கே வைத்தோம் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. மனிதர் மறக்கவில்லை. மறப்பது, மறக்கவே தேவையில்லாத இயந்திரம்.

என்னைவிடக் கடுமையாகப் பாதிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பிழைதிருத்துநர் ஒருவருக்குப் பார்வை குறைவு. திரையை நான்கு மடங்கு பெரிதாக்கித்தான் படிப்பார். அகலத்திலும் உயரத்திலும் நான்கு மடங்கு என்றால், ஒரு நேரத்தில் அவர் பார்ப்பது முழுத்திரையில் 16-இல் ஒரு பங்கு. விண்டோ வழக்கமான இடத்தில் இருந்தால் மவுஸை நேராக அங்கே கொண்டுபோவார். இடம் மாறிவிட்டால் மிச்சமுள்ள 15 பங்கிலும் துழாவ வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு, விண்டோவின் ஓரத்தைச் சரியாகப் பிடித்து இழுப்பதே பெரும்பாடு. 2023-இல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் நெறி, வலைத்தளங்களில் இழுத்துச் செய்ய வேண்டிய செயலுக்கு, இழுப்பது இன்றியமையாததாக இருந்தாலன்றி, இழுக்காமல் செய்யும் மாற்றுவழி வேண்டும் என்று விதித்திருக்கிறது. இழுப்பது பலருக்குக் கடினம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியிருக்க, ஒருமுறை சிரமப்பட்டு இழுத்து வைத்ததை மறந்துவிட்டு மறுநாளும் இழுக்க வைப்பதை எப்படி ஏற்பது?

நான்கே எண்கள்

இதைச் சரியாகச் செய்வது கடினமான தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு விண்டோவின் இருப்பிடத்துக்குத் தேவை நான்கு எண்கள்: இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், மேலிருந்து எவ்வளவு தூரம், அகலம், உயரம். விண்டோஸோடு இலவசமாக வந்த எளிய நோட்பேட், இந்த நான்கையும் தன் பெயரில், விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் குறித்துவைத்து, அடுத்த முறை அங்கேயே திறந்தது. 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷின் திரை, 512 புள்ளி அகலமும் 342 புள்ளி உயரமும்தான். அந்தச் சின்னத் திரையிலேயே ஒவ்வொரு ஃபோல்டரும் தன் விண்டோ எங்கே, எந்த அளவில் இருந்தது என்பதை நினைவில் வைத்திருந்தது. 40 ஆண்டுகளுக்கு முன்னால் செய்து காட்டிய காரியம் இது.

மென்பொருள் எழுதுபவர்களுக்கான கருவிகளிலும் இதற்கு எப்போதோ வழிசெய்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் ஒரு விண்டோவின் இருப்பிடத்தைக் கேட்டு வாங்கவும் திருப்பிப் பொருத்தவும் ஒரு ஜோடிக் கட்டளைகள் இருக்கின்றன. நாம் தரும் இடம் முழுக்கத் திரைக்கு வெளியே விழுந்தால், விண்டோஸே அதைப் பார்வைக்குள் இழுத்துக்கொள்ளும் என்று மைக்ரோசாஃப்டின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆப்பிளின் மேக்கில் விண்டோவுக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால் போதும். அந்தப் பெயரில் இடத்தையும் அளவையும் கணினியே சேமித்துக்கொள்ளும். கியூடி என்ற கருவித்தொகுப்பு 2006-இல் வந்த 4.2 பதிப்பிலேயே, சேமிக்க ஒரு கட்டளை, மீட்க ஒரு கட்டளை என்று தந்துவிட்டது. மாறாக, இன்று ஏராளமான அரட்டை, குறிப்பு மென்பொருள்களுக்கு அடித்தளமாக இருக்கும் எலக்ட்ரானில் நெடுங்காலம் இதற்கு உள்ளமைந்த ஏற்பாடு இல்லை. வேண்டுமென்றால் தனித்துணைநிரலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்தவர்களின் மென்பொருள் நினைவில் வைத்தது, சேர்க்காதவர்களுடையது மறந்தது. யாராவது ஒருவர் அக்கறைப்பட்டாரா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

நான்கு எண்களைச் சேமிப்பது பாதி வேலை. மீதிப் பாதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதனால் அதை விளக்கிச் சொல்கிறேன்.

முதலாவது, மினிமைஸ். விண்டோஸில் ஒரு விண்டோவைக் கீழே இறக்கினால், கணினி அதை மைனஸ் 32000, மைனஸ் 32000 என்ற இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. எந்தத் திரையும் எட்டாத தூரம் அது. அந்த நிலையில் மென்பொருளை மூடும்போது, யோசிக்காமல் எழுதப்பட்ட நிரல் அந்த எண்ணையே இருப்பிடமாகக் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை திறந்தால் டாஸ்க் பாரில் சின்னம் தெரியும், விண்டோ தெரியாது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. விரித்த நிலை, இறக்கிய நிலை, வழக்கமான நிலை மூன்றையும் பிரித்தறிந்து, வழக்கமான நிலையின் எண்களைச் சேமித்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. மேலே சொன்ன ஜோடிக் கட்டளைகள் அதைத்தான் செய்கின்றன.

இரண்டாவது, மைனஸ் எண்களைப் பற்றிய பயம். விண்டோஸில் முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் பூச்சியம். 1920 புள்ளி அகலமுள்ள இன்னொரு மானிட்டரை அதற்கு இடப்பக்கம் வைத்தால், அதன் இடங்கள் மைனஸ் 1920-இலிருந்து தொடங்கும். என் மானிட்டர் அப்படித்தான் இருக்கிறது. மைனஸ் என்றால் திரைக்கு வெளியே என்று முடிவுகட்டும் நிரல், என் விண்டோவைப் பூச்சியத்துக்கு இழுத்து வந்துவிடுகிறது. ஒற்றைத் திரையில் மட்டும் சோதித்துப் பார்த்து அனுப்பிய மென்பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது, மூடும்போது மட்டும் சேமிப்பது. மின்சாரம் போய் மேசைக் கணினி அணைந்தாலோ, மென்பொருள் நடுவில் நின்றுபோனாலோ, மூடும் கட்டமே வராது. விண்டோவை நகர்த்தி முடித்த உடனே சேமிப்பதுதான் முறை. மின்தடை வாழ்க்கையின் பகுதியாக இருக்கும் ஊர்களில் இது இன்னும் முக்கியம்.

நான்காவது, திரை ஏற்பாடுகள் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பதை மறப்பது. மானிட்டரோடு ஓர் ஏற்பாடு, இல்லாமல் ஓர் ஏற்பாடு. ஒன்றில் எழுத்து 100 சதவீத அளவில், மற்றதில் 150 சதவீதத்தில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இடத்தைக் குறித்துவைத்து, மானிட்டர் திரும்பி வந்தால் விண்டோவும் திரும்பிப் போக வேண்டும். இது முடியாத காரியம் இல்லை என்பதற்கு விண்டோஸ் 11 சாட்சி. 2021-இல் வந்த அந்தப் பதிப்பின் டிஸ்பிளே செட்டிங்ஸில், பல திரைகளுக்கான பகுதியில், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோ இடங்களை நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோக்களுக்குத்தான் அது உதவுகிறது. மூடித் திறக்கும்போது எங்கே வர வேண்டும் என்பது இன்னமும் மென்பொருள் எழுதியவரின் பொறுப்பு.

லினக்ஸில் ஒரு பெரிய கேள்வி

லினக்ஸ் உலகத்தில் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுத்திருக்கிறது. திரையில் விண்டோக்களைக் காட்ட 1987-இலிருந்து கோலோச்சிய எக்ஸ் 11 ஏற்பாட்டில், எந்த மென்பொருளும் தன் விண்டோவுக்கான இடத்தைத் தானே கேட்கலாம். அதற்கு மாற்றாக 2008-இல் தொடங்கிய வேலேண்ட் அந்த உரிமையை எடுத்துவிட்டது. அதன் வழக்கமான நெறியில், ஒரு மென்பொருளுக்குத் தன் விண்டோ திரையில் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கவும் முடியாது. திரையை நிர்வகிக்கும் நிரல்தான் அதை முடிவுசெய்யும். 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4 கருவித்தொகுப்பு, விண்டோவை நகர்த்தும் கட்டளையையே நீக்கிவிட்டது. உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் 25.10 பதிப்பில், க்னோம் என்ற திரைச்சூழலில் எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுக்கும் வழியே இல்லை.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நான் மதிக்கிறேன். எக்ஸ் 11-இல் ஒரு மென்பொருள் மற்ற மென்பொருள்களின் விசைத்தட்டல்களைக்கூட ஒட்டுக்கேட்க முடிந்தது. வங்கியின் கடவுச்சொல் கட்டத்துக்கு மேல் அச்சாக ஒரு போலிக் கட்டத்தைக் கொண்டுவந்து வைப்பதைத் தடுக்க வேண்டும் என்பது நியாயமான கவலை. ஆனால் மென்பொருளிடமிருந்து உரிமையை எடுக்கும்போது, கூடவே இருந்த கடமையை யார் கையில் கொடுக்கிறோம் என்பதையும் அன்றைக்கே முடிவுசெய்திருக்க வேண்டும். இடத்தை நானே முடிவுசெய்வேன் என்று சொல்லும் திரை நிர்வாகி, அதை நினைவில் வைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமலே அது முடியும்: மென்பொருள் தன் விண்டோவின் பெயரை மட்டும் சொல்லட்டும், எண்களைத் திரை நிர்வாகி தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச்சூழலில் விண்டோ விதிகள் என்ற பகுதியில், குறிப்பிட்ட விண்டோவின் இடத்தை நினைவில் வை என்று பயனரே சொல்லிவைக்க முடிகிறது. இதற்கென ஒரு பொது நெறியை உருவாக்கும் பேச்சு வேலேண்ட் குழுவினரிடையே ஆண்டுக்கணக்கில் நீண்டது. மக்கள் அன்றாடம் நம்பியிருக்கும் ஒன்றுக்கு மாற்று வருவதற்கு முன்பே பழையதை எடுத்துவிட்டது தவறான வரிசை.

எங்கோ நடக்கும் விவாதம் என்று இதை விட்டுவிட முடியாது. நம் நாட்டின் பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு உருவானது. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் அதுவும் இடம்பெற்றது. அங்கே எடுக்கப்படும் முடிவுகள் கொஞ்ச காலத்தில் நம் பள்ளிக்கூட மேசைக்கும் வந்து சேரும்.

மறுப்புகளுக்குப் பதில்

எல்லாவற்றையும் முழுத்திரையில் விரித்து வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கைபேசியில் ஒற்றைப் பக்கத்தைப் படிப்பவருக்கு அது போதும். இரண்டு பிரதிகளை ஒப்பிடுபவருக்கு, கணக்கேட்டையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிபவருக்கு, மூலத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு அது போதாது. விண்டோஸ் 7-இலிருந்து, விண்டோஸ் விசையையும் அம்புக்குறியையும் அழுத்தினால் விண்டோ பாதித் திரைக்கு ஒட்டிக்கொள்கிறதே என்பார்கள். உண்மைதான், நல்ல வசதி. ஆனால் மறதியை மறைக்க அதைக் காரணம் காட்டக் கூடாது. குறிப்பிட்ட மானிட்டரில், குறிப்பிட்ட அகலத்தில் நான் வைத்தது எனக்கு அப்படியே திரும்ப வேண்டும்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய வேலைகள் இருக்கின்றன என்று மென்பொருள் எழுதுபவர்கள் சொல்வதும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது, செலவை இருபக்கமும் வைத்துப் பாருங்கள் என்பதே. உங்கள் பக்கம் ஒருவரின் ஒருநாள் உழைப்பு. எங்கள் பக்கம், அந்த மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொருவரும், திறக்கும் ஒவ்வொரு முறையும் செலவிடும் அரை நிமிடமும், அதோடு அறுந்துபோகும் கவனமும்.

இனிச் செய்ய வேண்டியது

மாவட்ட அலுவலகத்திலிருந்து இ-சேவை மையம் வரை, அரசுக்காக மென்பொருள் வாங்கும்போது ஒப்பந்தப் புள்ளியில் பல சோதனைகளை எழுதுகிறார்கள். இன்னும் மூன்று சோதனைகளைச் சேர்க்க வேண்டும். விண்டோவை நகர்த்தி, மூடித் திறந்தால் அதே இடத்தில் வருகிறதா? மானிட்டரைக் கழற்றி மாட்டினால் திரும்பிப் போகிறதா? நடுவில் நின்றுபோய்த் திறந்தாலும் நினைவிருக்கிறதா? சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பம் அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. அந்த நோக்கத்துக்கு இதுவும் உரியது. பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் செய்யும் இறுதியாண்டு மென்பொருளுக்கும் ஆசிரியர்கள் இதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கேட்கப் பழகியவர்கள்தான் நாளை செய்யப் பழகுவார்கள்.

பயனர்களும் பேசாமல் இருக்கக் கூடாது. விண்டோ தொலைந்தால், ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, எம் விசையைத் தட்டி, அம்புக்குறியை ஒருமுறை அழுத்திவிட்டு மவுஸை அசைத்தால், அது மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டு திரை இருந்தால், விண்டோஸ் விசை, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றும் சேர்ந்து விண்டோவை அடுத்த திரைக்கு அனுப்பும். இவை அவசரத்துக்கு உதவும். அதோடு நிறுத்தாமல், எத்தனை மானிட்டர், எது எந்தப் பக்கம், எழுத்தளவு எத்தனை சதவீதம், விண்டோ எங்கே இருந்தது, எங்கே திறந்தது என்று தெளிவாக எழுதி அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு அனுப்புங்கள். இப்படி விவரத்தோடு வரும் புகாரை அவர்களால் தங்கள் மேசையில் நடத்திப் பார்க்க முடியும். நடத்திப் பார்க்க முடிந்த குறைதான் சரிசெய்யப்படும்.

மென்பொருள் எழுதும் நண்பர்களே, அடுத்த பதிப்பில் புதிய நிறமும் புதிய சின்னமும் சேர்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நான்கு எண்களை, நாங்கள் விண்டோவை நகர்த்திய உடனே சேமியுங்கள். திறக்கும்போது, தலைப்புப் பட்டை ஏதாவது ஒரு திரையில் தெரிகிறதா என்று சரிபாருங்கள். போன மானிட்டர் திரும்பி வந்தால், அதிலிருந்த விண்டோவையும் திருப்பி அனுப்புங்கள். எங்கள் மேசையை நாங்கள் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். அந்த ஒழுங்கைக் காப்பாற்றித் தருவது உங்கள் கடமை.